மூன்று முறை மூளைக்காய்ச்சல், ரிப்போர்ட்டில் ஜீரோ: அடுத்து என்ன செய்வது?

திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு வயது 33. நூற்பாலையில் வேலை. 18 வயதில் ஒருமுறை, 27-ல் ஒருமுறை, இந்த ஆண்டு ஏப்ரலில் ஒருமுறை என்று மூன்று தடவை மூளைக்காய்ச்சல் வந்து ஐசியூ வரை போய் மீண்டிருக்கிறார். இரண்டாவது, மூன்றாவது தடவைகளில் முதுகில் ஊசி போட்டு எடுத்த நீரில் மெனிங்கோகாக்கஸ் என்ற கிருமி வளர்ந்தது. எச்ஐவி இல்லை, சர்க்கரை இல்லை, எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலின் அளவு சரி. காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரதங்களில் சி3, சி4 இரண்டும் நார்மல். கடைசி முறை ஒரு இளம் டாக்டர் ஐசியூவில் இருந்தபோதே சிஎச்50 என்ற டெஸ்டுக்கு ரத்தம் அனுப்பினார். 'அளவிட முடியாத அளவுக்குக் குறைவு' என்று வந்தது. பெரிய டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "சி3, சி4 நன்றாகத்தானே இருக்கிறது, லேப் தவறாக இருக்கும்" என்று ஓரமாக வைத்துவிட்டார். 25 வயதில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதுதான் காரணம் என்று வீட்டில் நம்புகிறார்கள். மாமியாரோ, மருமகள் வந்த நேரம் சரியில்லை என்கிறார். கணவர் வாசகிக்கு மாமா பையன். அதாவது மாமனார், வாசகியின் அம்மாவுக்கு அண்ணன். அந்த மாமனார் கட்டியது தன் சொந்த அக்கா மகளை. நான்கு வயதில் ஒரு மகன் இருக்கிறான். கணவரின் தங்கை கோவையில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறார், அவருக்கு வரன் பார்க்கிறார்கள்.

அவர் கேட்பவை: ரிப்போர்ட் சரியா, தவறா? மகனுக்கும் வருமா? எலும்பு மஜ்ஜை மாற்றினால் சரியாகும் என்கிறார்களே? எதிர்ப்புச் சக்திக்குக் கஷாயம் கொடுக்கலாமா? தங்கைக்குப் பார்க்கும் இடத்தில் இதைச் சொல்ல வேண்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி அனுப்பியிருந்தீர்கள். பாதி விடை அந்த அடுக்கிலேயே இருக்கிறது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நோய்க்குப் பெயர் வைக்கும் வேலையும், அவரைப் பாதுகாக்கும் வேலையும் வேறுவேறு. பெயர் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். பாதுகாப்பை இந்த வாரமே தொடங்க வேண்டும். பல குடும்பங்கள் "முடிவு தெரியட்டும், அப்புறம் ஊசி போடலாம்" என்று காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த இடைவெளிதான் எனக்குப் பயம்.

காம்ப்ளிமென்ட் என்பது ரத்தத்தில் ஓடும் முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்களின் கூட்டம். 1890-களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜூல் போர்டே இதைக் கண்டறிந்தார். ரத்தநீரை 56 டிகிரி சூட்டில் வைத்தால் கிருமியைக் கொல்லும் திறன் போய்விடுவதையும், புதிய ரத்தநீரைச் சேர்த்தால் அது திரும்ப வருவதையும் அவர் காட்டினார். 1919-க்கான நோபல் பரிசும் அவருக்குக் கிடைத்தது. சூடு பட்டால் கெட்டுப்போகும் என்ற இந்தப் பழைய செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கணவரின் ரிப்போர்ட்டுக்கு அது தேவைப்படும்.

இந்தப் புரதங்கள் ஒன்றை ஒன்று தட்டி எழுப்பும். வேலை மூன்று வழியாகத் தொடங்கினாலும் எல்லாம் சி3 என்ற இடத்தில் வந்து சேரும். அதற்குப் பிறகு சி5 முதல் சி9 வரை ஐந்தும் ஒன்றாகக் கூடிக் கிருமியின் மேல்தோலில் துளை போடும். துளை விழுந்தால் கிருமி உடைந்து சாகும். மற்ற பெரும்பாலான கிருமிகளை வெள்ளை அணுக்கள் விழுங்கியே சமாளித்துவிடும். மெனிங்கோகாக்கஸ் மட்டும் ரத்தத்துக்குள் நுழைந்துவிட்டால் அதைத் தடுக்க இந்தத் துளைதான் முக்கிய ஆயுதம். "சளி, இருமல்கூட அவருக்கு அடிக்கடி வராது, இவருக்கா எதிர்ப்புச் சக்தி குறைவு?" என்று கேட்டிருந்தீர்கள். கடைசி ஐந்தில் ஒன்று பிறவியிலேயே இல்லாதவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். நன்றாக உழைப்பார்கள், மழையில் நனைவார்கள், ஒன்றும் ஆகாது. அந்த ஒரு கிருமி இனத்துக்கு மட்டும் அவர்களிடம் பதில் இருக்காது. மற்றவர்களைவிட அவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு ஆயிரம் மடங்குக்கும் மேல்.

பிறவிக் குறை என்றால் குழந்தையிலேயே தெரிந்திருக்க வேண்டாமா என்பது அடுத்த சந்தேகம். வேண்டியதில்லை. சாதாரணமாக மெனிங்கோகாக்கஸ் அதிகம் தாக்குவது கைக்குழந்தைகளையும் சின்னப் பிள்ளைகளையும்தான். கடைசிக் கட்டப் புரதம் இல்லாதவர்களுக்கு முதல் தாக்குதல் வரும் சராசரி வயதே 17-ஐ ஒட்டி இருக்கிறது. உங்கள் கணவருக்கு 18. திரும்பத் திரும்ப வருவதும் இந்தக் குறையின் அடையாளம். உண்மையில், இந்த நாட்டில் எவ்வளவு வயதானவருக்கும் மெனிங்கோகாக்கஸ் இரண்டாவது முறை வந்தால் காம்ப்ளிமென்ட் டெஸ்ட் செய்யாமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்த இளம் டாக்டர் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

சி3, சி4 நார்மல், ஆனால் சிஎச்50 ஜீரோ: இதற்கு என்ன பொருள்?

சி3, சி4 டெஸ்ட் அந்த இரண்டு புரதங்களின் அளவை மட்டும் சொல்லும். மீதி இருபத்தெட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. சிஎச்50 வேறு மாதிரி. ஆட்டின் சிவப்பணுக்கள்மேல் எதிர்ப்பொருளைப் பூசி வைத்து, அதில் நோயாளியின் ரத்தநீரை ஊற்றிப் பார்ப்பார்கள். பாதி அணுக்களை உடைக்க எவ்வளவு ரத்தநீர் தேவைப்படுகிறது என்பதுதான் அந்த 50. தொடக்கம் முதல் கடைசித் துளை வரை சங்கிலி முழுவதும் வேலை செய்தால்தான் அணு உடையும். நடுவில் ஒரு கண்ணி இல்லாவிட்டாலும் ஜீரோ.

ஆகவே இரண்டு ரிப்போர்ட்டும் ஒன்றோடொன்று முரண்படவில்லை. பெரிய டாக்டர் அவசரப்பட்டுவிட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் "லேப் தவறாக இருக்கும்" என்ற அவருடைய சந்தேகத்தை ஒதுக்கவும் முடியாது. ஜீரோ வருவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று, கடும் நோயில் புரதங்கள் செலவாகிப் போயிருக்கலாம். ஐசியூவில் எடுத்த ரத்தம் என்பதால் இந்தக் கேள்வி வருகிறது. ஆனால் அப்படிச் செலவானால் சி3-யும் சேர்ந்து குறையும். இவருக்குக் குறையவில்லை. எனவே இது மட்டுமே காரணமாக இருப்பது கடினம்.

இரண்டு, ரத்த மாதிரி வழியில் கெட்டுப்போயிருக்கலாம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம், நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் ரத்தம் பஸ் பார்சலில் சென்னைக்குப் போனது. ஜீரோ என்று வந்தது. அந்தக் குடும்பம் ஒரு மாதம் தூங்கவில்லை. ஐஸில் வைத்து மறுபடி அனுப்பினோம், முழுக்க நார்மல். முதல் தடவையே ஐஸ் கேட்டு வாங்காதது என் தவறு, இன்றும் உறுத்துகிறது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாதிரி கெட்டாலும் சி3, சி4 அளவு பெரும்பாலும் நார்மலாகவே காட்டும், ஏனென்றால் புரதம் அங்கே இருக்கும், வேலை செய்யும் திறன்தான் போயிருக்கும். அதாவது கெட்டுப்போன ரத்தமும், நிஜமாகவே புரதம் இல்லாத ரத்தமும் காகிதத்தில் ஒரே மாதிரி தெரியும்.

மூன்று, ஒரு புரதம் பிறவியிலேயே இல்லை. இரண்டு முறை வளர்ந்த அந்தக் கிருமியின் பெயரைப் பார்க்கும்போது என் மனம் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் சாய்வை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

மறு டெஸ்டை எப்படிச் செய்வது

அவர் வீடு திரும்பி ஆறு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், காய்ச்சல் எதுவும் இருக்கக் கூடாது. சிஎச்50-உடன் ஏஎச்50 என்ற டெஸ்டையும் சேர்த்துக் கேளுங்கள். முன்பு சொன்ன மூன்று வழிகளில் ஒன்றை சிஎச்50 சோதிக்கும், இன்னொன்றை ஏஎச்50 சோதிக்கும். உங்கள் ஊரில் ரத்தம் எடுத்துக் கூரியரில் அனுப்புவதைவிட, டெஸ்ட் செய்யும் இடத்துக்கே அவரை அழைத்துப்போய் ரத்தம் கொடுப்பது நல்லது. வேலூர் சிஎம்சி போன்ற பெரிய இடத்தில் முதலில் போனில் கேட்டு, அங்கேயே செய்கிறார்களா, வெளியே அனுப்புகிறார்களா என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள். பிறவி எதிர்ப்புச் சக்திக் குறைகளுக்கென்றே இயங்கும் மையங்கள் நம் நாட்டில் உண்டு. மும்பையில் ஐசிஎம்ஆரின் நோய்த்தடுப்புக் குருதியியல் நிறுவனம் அதில் முக்கியமானது. சண்டிகர் பிஜிஐயும் அப்படியே. உங்கள் டாக்டர் எழுதிக் கேட்டால் வழி சொல்வார்கள்.

அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், ரத்தம் உறைந்ததும் உடனே ரத்தநீரைப் பிரித்து, ஆழ்குளிரில் உறைய வைத்து, உலர்பனிக்கட்டியில் அனுப்ப வேண்டும். அப்புறம் ஒரு சின்ன உபாயம். ஆரோக்கியமான, சொந்தம் இல்லாத ஒருவரின் ரத்தத்தையும் அதே நேரத்தில் எடுத்து அதே பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். அந்த நண்பருடையது நார்மலாகவும் உங்கள் கணவருடையது ஜீரோவாகவும் வந்தால் வழியில் கெட்டது என்று யாரும் சொல்ல முடியாது. இதற்கு ஆகும் கூடுதல் செலவு கட்டாயம் தகும்.

முடிவை வாசிப்பது இப்படி. சிஎச்50, ஏஎச்50 இரண்டும் ஜீரோ, சி3 நார்மல் என்றால் குறை கடைசிக் கட்டத்தில், சி5, சி6, சி7, சி8-ல் ஒன்றில் இருக்கிறது. சி9 இல்லையென்றால் முழு ஜீரோ வராது, குறைவாக வரும். ஜப்பானில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு அந்தக் குறை உண்டு, பெரும்பாலோர் தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். சிஎச்50 மட்டும் ஜீரோ, ஏஎச்50 நார்மல் என்றால் சி1 அல்லது சி2. அப்போது, எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் லூபஸ் நோய்க்கான சோதனைகளும் சேரும். ப்ராப்பர்டின் என்ற புரதக் குறை தாய்வழியாக ஆண்களுக்கு வருவது. அதில் ஏஎச்50-தான் குறையும், சிஎச்50 ஜீரோவாகாது என்பதால் உங்கள் கணவருக்கு அது இருக்க வாய்ப்பில்லை. கட்டம் தெரிந்த பிறகு ஒவ்வொரு புரதமாக அளப்பார்கள். மரபணுச் சோதனை அதற்கும் பிறகுதான். எடுத்த எடுப்பில் மரபணுவுக்குப் போனால் 'பொருள் தெளிவில்லாத மாற்றம்' என்று ஒரு வரி வந்து இன்னும் குழப்பும்.

தலைக் காயத்தையும் விட்டுவிட வேண்டாம். மண்டையோட்டின் அடியில் விரிசல் இருந்தால் மூளைநீர் கசிந்து திரும்பத் திரும்ப மூளைக்காய்ச்சல் வருவது உண்மைதான். ஆனால் அங்கே பெரும்பாலும் வளர்வது நிமோகாக்கஸ் என்ற வேறு கிருமி. தவிர, இவருக்கு முதல் தாக்குதல் வந்தது விழுவதற்கு ஏழு வருடம் முன்னால். குனியும்போது ஒரு பக்க மூக்கில் தண்ணீர் போல் சொட்டுகிறதா என்று மட்டும் கேளுங்கள். சொட்டினால் ஸ்கேன் அவசியம். மண்ணீரல் இல்லாதவர்களுக்கும் இப்படிப்பட்ட தொற்று வரலாம். வயிற்று ஸ்கேனில் அது இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

காத்திருக்காமல் இப்போதே செய்ய வேண்டியவை

மெனிங்கோகாக்கஸ் ஏ, சி, டபிள்யூ, ஒய் வகைகளுக்கான கூட்டுத் தடுப்பூசி நம் ஊரில் கிடைக்கிறது. ஹஜ் பயணம் போகிறவர்களுக்குக் கட்டாயமான ஊசியும் இந்த நான்கு வகைகளுக்கானதுதான். இவருக்கு எட்டு வார இடைவெளியில் இரண்டு தவணை, பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. துளை போடும் புரதமே இல்லாதவருக்கு ஊசி எதற்கு என்று தோன்றலாம். ஊசியால் உண்டாகும் எதிர்ப்பொருள் கிருமியைப் போர்த்திக்கொண்டால் வெள்ளை அணுக்களால் அதை எளிதாக விழுங்க முடியும். அந்த வழி இவருக்குத் திறந்தே இருக்கிறது. நிமோகாக்கஸ் ஊசியும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். பி வகைக்கான ஊசி தனி. இங்கே எளிதில் கிடைப்பதில்லை, ஆனாலும் உங்கள் டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

ஊசி போட்டாயிற்று என்று நிம்மதியாகிவிடவும் கூடாது. எக்குலிசுமாப் என்று ஒரு மருந்து உண்டு, 2007-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வேறு ஒரு ரத்த நோய்க்காக சி5 புரதத்தை வேண்டுமென்றே தடுக்கும் மருந்து. அதை எடுத்துக்கொண்டவர்களில் தடுப்பூசி போட்டிருந்தும் மெனிங்கோகாக்கஸ் வந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் சில டாக்டர்கள் தினமும் பெனிசிலின் மாத்திரையும் கொடுக்கிறார்கள். எல்லோரும் இதை ஒப்புவதில்லை. மூன்று முறை வந்தவர் என்பதால், இவருக்குக் கொடுப்பதைப் பற்றி டாக்டரிடம் பேசுவது நியாயம் என்பேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒரு கடிதம். 'இவருக்குக் காம்ப்ளிமென்ட் குறை இருப்பதாகச் சந்தேகம், மூன்று முறை மூளைக்காய்ச்சல் வந்தவர், அதில் இரண்டு முறை மெனிங்கோகாக்கஸ் வளர்ந்தது, காய்ச்சலுடன் வந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் ரத்தக் கல்ச்சர் எடுத்துக்கொண்டு உடனே செஃப்ட்ரியாக்ஸோன் கொடுக்கவும்' என்று டாக்டரிடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, முத்திரையோடு வாங்குங்கள். ஒரு நகல் அவர் பர்ஸில், ஒன்று உங்கள் போனில், ஒன்று மில் சூப்பர்வைசரிடம். குளிர் நடுக்கம், கடும் தலைவலி, வாந்தி, கழுத்து இறுக்கம், அழுத்தினாலும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள், இதில் எது வந்தாலும் பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலைவரை பார்க்கலாம் என்று படுக்க வைக்காதீர்கள். நடுராத்திரியானாலும் 108.

மஜ்ஜை மாற்றம் வேண்டாம். இந்தப் புரதங்களில் பெரும்பாலானவற்றைச் செய்வது கல்லீரல், எலும்பு மஜ்ஜை அல்ல. ஆபத்து முழுக்க அவருக்கு, பலன் கிடைக்காது. கஷாயம் விஷயத்தில் என் பதில் எளிது: இல்லாத புரதத்தை எந்தப் பொடியும் உண்டாக்காது. ஈரலைக் கெடுக்காத சுக்குக் கஷாயமோ ரசமோ அவருக்குப் பிடித்தால் குடிக்கட்டும், காய்ச்சல் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பதிலாக அது வரக் கூடாது.

மகன், நாத்தனார், மாமியார்

குறை உறுதியானால், கடைசிக் கட்டப் புரதக் குறைகள் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பழுதான மரபணுப் பிரதி வந்தால்தான் வெளிப்படும். உங்கள் மாமனாரும் மாமியாரும் ஒவ்வொரு பிரதி சுமப்பவர்கள், அவர்களுக்கு நோய் இல்லை. உங்கள் அம்மா மாமனாரின் தங்கை என்பதால், அந்தப் பிரதி உங்களிடம் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. மகனுக்குக் குறை இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. எட்டில் ஏழு பங்கு அவன் வெறுமனே சுமப்பவன், அவ்வளவே. கணவரின் டெஸ்ட் உறுதியான பிறகு மகனுக்கு ஒரு சிஎச்50 போதும், மரபணு வரை போக வேண்டியதில்லை.

எனக்கு அதிகக் கவலை உங்கள் நாத்தனாரைப் பற்றித்தான். அவருக்கு நான்கில் ஒரு வாய்ப்பு. ஹாஸ்டல் அறையில் பலரோடு தங்குகிறார், வார்டில் வேலை பார்க்கிறார். இந்தக் கிருமி பரவ இதைவிட வசதியான இடம் கிடையாது. அண்ணனின் டெஸ்ட் முடியும் வரை காத்திராமல் அவரும் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், நர்சிங் மாணவிக்கு அது எப்படியும் நல்லதுதான். டெஸ்ட் செய்வது அவருடைய விருப்பம். அவரிடம் நேராகப் பேசுங்கள். பெரியவர்கள் கூடி முடிவெடுத்து ரத்தம் எடுக்கக் கூடாது. வரன் பார்க்கும் இடத்தில் சொல்வதும் அவர் ரிப்போர்ட் வந்த பிறகு அவரே எடுக்க வேண்டிய முடிவு. என் கருத்தைக் கேட்டால், குறை இருந்தால் மறைக்க வேண்டாம். கல்யாணமான ஆறாம் மாதம் காய்ச்சல் வந்தால் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவர் அந்த மாப்பிள்ளைதான். குறை இல்லையென்றால் சொல்ல எதுவுமே இல்லை. மற்றபடி, சொந்தத்துக்கு வெளியில் மாப்பிள்ளை பார்த்தால் பிள்ளைகளுக்கு இது வரும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள்.

நீங்கள் வந்த நேரத்தால் இது வரவில்லை. முதல் தாக்குதல் அவருக்கு 18 வயதில், உங்கள் கல்யாணத்துக்குப் பல வருடம் முன்பு. உங்கள் அத்தையிடம் வாதாடி இதை நிரூபிக்க வேண்டாம், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அவரையும் கூட்டிப்போங்கள். அப்போது இன்னொன்றும் நடக்கக்கூடும்: தாய்மாமனைக் கட்டியதால்தான் என் பிள்ளைக்கு இப்படி ஆயிற்றோ என்று அவர் உடைந்துபோகலாம். உங்கள்மேல் கோபமாக வருவது அந்தப் பயமாகவும் இருக்கலாம். அவர் கல்யாணம் நடந்த காலத்தில் இதை அவருக்குச் சொல்ல யாரும் இல்லை. டாக்டர் வாயால் "உங்கள் தப்பு இல்லை" என்று அவர் கேட்கட்டும்.

மறு டெஸ்ட் முடிவு வந்ததும் எழுதுங்கள். சிஎச்50, ஏஎச்50 எண்களோடு, ரத்தம் எடுத்த நேரமும் லேப் அதை வாங்கிய நேரமும் ரிப்போர்ட்டில் இருக்கும், அதையும் சேர்த்து எழுதுங்கள்.